2000 வாட் கீசர், ஓடுவதோ 6.8 ஆம்ப்ஸ். காயில் போயிடுச்சா?

வயல்வீடு:
15 லிட்டர் கீசர். தகட்டில் 230 வோல்ட், 2000 வாட்னு போட்டிருக்கு. முன்னாடி கால் மணி நேரத்துல தண்ணி சூடாகிடும், இப்போ அரை மணி ஆகுது. கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். கீசர் ஓடும்போது பாத்ரூம் பாயிண்டில் 180 வோல்ட், 6.8 ஆம்ப்ஸ். 2000 ÷ 180 = 11.1 ஆம்ப்ஸ் இழுக்கணுமே? கடையில காயிலை மாத்தச் சொல்றாங்க. அம்மாவுக்கு மூட்டுவலி, காலையில சுடுதண்ணி இல்லாம முடியாது. உதவுங்க.

பழையவயர்மேன்:
மாத்தாதீங்க தம்பி. தகட்டுல இருக்கிற 2000 வாட் 230 வோல்ட்டுக்கு மட்டும்தான். அதை 180-ஆல வகுத்ததுலதான் கணக்கு தப்பிடுச்சு. வோல்ட் மாறினாலும் மாறாதது காயிலோட மின்தடை.

தகட்டுப்படி: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்.
நீங்க அளந்தது: 180 ÷ 6.8 = 26.47 ஓம்.

காயில் புதுசு மாதிரி இருக்கு. இப்போ கிடைக்கிற வாட் 180 × 6.8 = 1224. வோல்ட் குறைஞ்சா ஆம்ப்ஸும் சேர்ந்து குறையும், அதனாலதான் வாட்டுல இவ்வளவு அடி. 25 டிகிரி தண்ணியை 55-க்கு ஏத்த 2000 வாட்டுல 16 நிமிஷம்னா 1224-ல 26 நிமிஷம்.

மாடிவீட்டுத்தம்பி:
குறுக்கே ஒரு சந்தேகம். 100 வாட் குண்டு பல்புக்கு இதே கணக்குல 529 ஓம் வரணும். மல்டிமீட்டர்ல 40-தான் காட்டுது?

பழையவயர்மேன்:
அது டங்ஸ்டன். எரியும்போது 2000 டிகிரிக்கு மேல போகும், மின்தடை பத்து மடங்குக்கு மேல ஏறிடும். மீட்டர் காட்டுறது அணைஞ்ச பல்போட மின்தடை. கீசர் காயில் நிக்ரோம், சூட்டுல பெருசா மாறாது.

இயற்பியல்டீச்சர்:
காயில் சரி. ஆனால் 180 ஏன் வருகிறது? கீசரை அணைத்தால் அதே பாயிண்டில் எவ்வளவு? மீட்டர் போர்டில் எவ்வளவு?

வயல்வீடு:
அணைச்சா ரெண்டு இடத்துலயும் 204. ஓடும்போது போர்டில் 202, பாத்ரூமில் 180.

இயற்பியல்டீச்சர்:
அப்படியானால் தயவுசெய்து இனி கீசரைப் போடாதீர்கள். போர்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே 22 வோல்ட் காணாமல் போகிறது. 22 ÷ 6.8 = 3.2 ஓம். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் 20 மீட்டர் போய்த் திரும்பினாலும் 0.3 ஓம்தான். மீதி ஏதோ ஒரு ஜாயிண்டில் இருக்கிறது. அந்த ஒரே இடத்தில் சுமார் 135 வாட் சூடு, சுவருக்குள்ளே! எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துவிட்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள்.

பழையவயர்மேன்:
டீச்சரம்மா சொல்றதுதான் சரி, நான் அதைக் கேட்காம விட்டது தப்பு. முதல்ல நியூட்ரல் ஜாயிண்டைப் பாருங்க தம்பி.

வயல்வீடு (இரண்டு நாள் கழித்து):
நியூட்ரல் ஜாயிண்ட்தான் அண்ணே. வெறுமனே முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்க. டேப் கருகி, பாக்ஸ் மூடியே உருகியிருந்தது. பழைய நுனியை வெட்டிட்டு கனெக்டர் போட்டாச்சு. இப்போ கீசர் ஓடும்போது 199 வோல்ட், 7.5 ஆம்ப்ஸ். 1492 வாட், 21 நிமிஷத்துல தண்ணி ரெடி. அந்தப் பாக்ஸுக்கு நேர் கீழதான் அம்மா கட்டில் கிடந்தது. டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.