ஹெபடைடிஸ் சி எலைசா ரியாக்டிவ்: பிசிஆர் ரிப்போர்ட் வரும்வரை பயத்தை எப்படிச் சமாளிப்பது?

கொங்கு_ராகம்:

வணக்கம். வயது 34. ஆபீஸ் முகாமில் ரத்தம் கொடுத்திருந்தேன். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு ஹெபடைடிஸ் சி எலைசா ரியாக்டிவ் என்றார்கள். திரும்பப் போட்டும் ரியாக்டிவ்தானாம், எஸ்/சிஓ 1.7. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி இரண்டும் நெகட்டிவ். பிசிஆருக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. ரிப்போர்ட் அடுத்த வாரம்தான் வருமாம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், விடியும்வரை போன்தான். தேடினால் ஈரல் புற்றுநோய், இன்டர்ஃபெரான் ஊசி என்றே வருகிறது. மனைவி ஆறு மாதக் கர்ப்பம், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா காதில் விழுந்தால் மறுநாள் காலையிலேயே கீழாநெல்லி அரைத்து நீட்டிவிடுவார்.

ரியாக்டிவ் என்றால் வந்தேவிட்டது என்று அர்த்தமா? ரிப்போர்ட் ஏன் இவ்வளவு தாமதம்? அதுவரை வீட்டில் எப்படி இருக்க வேண்டும், இந்தப் பயத்தை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊதாமூடி (ரத்த வங்கி டெக்னீஷியன்):

தம்பி, எலைசா தேடுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. வைரஸையே தேடுவது பிசிஆர். அதனால் ரியாக்டிவ் என்று வந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கலாம். எப்போதோ வந்து தானாகவே போயிருக்கலாம். தொற்று வந்தவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் போய்விடுகிறது, ஆன்டிபாடி மட்டும் பல வருடம் தங்கிவிடும். மூன்றாவது, வைரஸ் ஒருபோதும் வராமலே கிட் தவறாகக் காட்டியிருக்கலாம்.

ரத்த தானம் செய்பவர்களிடம் இந்த மூன்றாவது சகஜம். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 10,000 பேரில் உண்மையிலேயே தொற்று உள்ளவர்கள் 30 பேர், கிட் 200 பேருக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது. அப்படியானால் தொற்றில்லாதவர்களில் ஏறக்குறைய 50 பேர் ரியாக்டிவ் என்று வருவார்கள். மொத்தம் 80 ரியாக்டிவில் 50 பொய். கிட் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பாட்டில்கூடத் தப்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே ஸ்கிரீனிங் கிட்டை அப்படி உஷாராக வைத்திருப்பார்கள்.

உங்கள் 1.7 பற்றி. எஸ்/சிஓ என்பது உங்கள் சாம்பிள் காட்டிய அளவை கிட்டின் எல்லை அளவால் வகுத்து வரும் எண். 1-ஐத் தாண்டினாலே ரியாக்டிவ் என்று எழுதிவிடுவோம். சில எலைசா கிட்டுகளுக்கு 3.8-க்குக் கீழே இருந்தால் அது குறைந்த மதிப்பு, பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2003-இல் கோடு போட்டுக் கொடுத்தது. அந்தக் கோடு கிட்டுக்குக் கிட் மாறும், உங்களுக்கு எந்தக் கிட் போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்த தொற்றிலும், ரொம்பப் பழையதாகி ஆன்டிபாடி தேய்ந்துபோன நிலையிலும்கூட மதிப்பு குறைவாக வரலாம். ஆகவே 1.7-ஐ வைத்து நிம்மதிப்படவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அதே சாம்பிளில் இரண்டாவது முறையும் ரியாக்டிவ் என்பதற்கும் பெரிய எடை இல்லை. எந்தப் புரதம் முதல் தடவை கிட்டை ஏமாற்றியதோ அதுவேதான் இரண்டாவது தடவையும் ஏமாற்றும்.

தாமதம் ஏன் என்றால், ஊதா மூடி இடிடிஏ டியூபில் (ரத்தம் உறையாமல் வைப்பது) எடுத்த ரத்தத்தை மெஷினில் வேகமாகச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, குளிரில் வைத்துப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். மெஷின் வேலை சில மணி நேரம்தான். ஆனால் ஒரு சாம்பிளுக்காக யாரும் மெஷினை ஓட்டுவதில்லை. தட்டு நிறையட்டும் என்று காத்திருப்பார்கள், சில இடங்களில் வாரத்துக்கு இரண்டு ரன்தான். கூடவே ஓட்டும் கன்ட்ரோல் சாம்பிள் (முடிவு முன்பே தெரிந்தது) தப்பாக வந்தால் மொத்த ரன்னையும் தூக்கிப்போட்டு மறுபடி ஓட்டணும். 'இன்னொரு தடவை ரத்தம் கொடுங்க' என்று கூப்பிட்டாலும் பதற வேண்டாம். ரத்த அணு உடைந்திருக்கும், அளவு பத்தியிருக்காது, அல்லது பிளாஸ்மா பிரிக்க நேரமாகியிருக்கும். பாசிட்டிவாக இருப்பதால் லேட் பண்ணுகிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். ரன் முடியும்வரை லேபுக்கே தெரியாது.

மடைமாற்றம் (மருத்துவமனை ஆலோசகர்):

ரிப்போர்ட் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் ராத்திரி மூன்று மணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

விழித்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையிலேயே உருளாதீர்கள். எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். துணி மடிப்பது, பழைய வாரப் பத்திரிகை புரட்டுவது மாதிரிச் சப்பென்ற வேலை எதுவும் சரி. போன் அந்த அறையில் இருக்கக் கூடாது. அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வையுங்கள். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும், படபடப்பைத் தணிப்பது அதுதான். பலர் இழுத்து இழுத்து நெஞ்சை நிரப்பித் தலை கிறுகிறுத்துப்போய், அதையும் நோயின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

பகலில் கவலைக்கென்று நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து 6.20 வரை, ஒரு நோட்டு, நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. வலப்பக்கம் ரிப்போர்ட் வரும்வரை யாராலும் பதில் சொல்ல முடியாதவை. மற்ற நேரத்தில் பயம் வந்தால் 'ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவையுங்கள். முதல் இரண்டு நாள் இது ஏமாற்று வேலை மாதிரித்தான் இருக்கும். வலப்பக்கத்தில் ஒரே கேள்வி ஐந்து விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது பிடி கொஞ்சம் தளரும்.

'எங்கிருந்து வந்திருக்கும்?' என்ற கேள்வியும் வலப்பக்கம்தான். சலூனில் பாதி பிளேடு மாற்றினாரா, பல் டாக்டர் கருவியைக் கொதிக்க வைத்தாரா, திருவிழாவில் பச்சை குத்தியது எந்த வருடம் என்று பின்னோக்கித் தோண்டுவதற்கு முடிவே கிடையாது. தொற்று உறுதியானவர்களிலேயே பலருக்கு மூலம் தெரிவதில்லை.

உடம்பைச் சோதிப்பதையும் நிறுத்துங்கள். கண்ணாடியில் கண் மஞ்சளா என்று பார்ப்பது, வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பது. நாள் பூராவும் அமுக்கினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். பசியின்மை, அசதி, வயிற்றுப் புரட்டல் மூன்றையும் பயமே தரும். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். தூக்கத்துக்கு என்று ஒரு பெக் வேண்டவே வேண்டாம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்குவதும் வேண்டாம்.

நீங்கள் படித்த இன்டர்ஃபெரான் பக்கங்கள் பழங்கதை. வாரா வாரம் ஊசி, 24 முதல் 48 வாரம், காய்ச்சல், மனச்சோர்வு, அப்படியும் பாதிப் பேருக்குக் குணமாகாது என்ற நிலை இருந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அனுமதி பெற்றபின் அந்தக் காலம் மெல்ல முடிந்தது. 2014-க்கு முந்தைய பக்கம் என்றால் மூடிவிடுங்கள்.

ரிப்போர்ட் நாளை நீங்களே தீர்மானியுங்கள். லேபில் வாட்ஸ்அப் வேண்டாம், நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு பிடிஎஃப் வந்து விழுந்தால் திங்கள்வரை கேட்க ஆளிருக்காது. வார நாளில், காலையில், டாக்டர் இருக்கும் நேரத்தில், கூட ஒருவரோடு பிரிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, தொடர்ந்து சில ராத்திரிகள் கண் மூடவில்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

செவிலி_வைகை:

வீட்டு விஷயம் நான் சொல்றேன் தம்பி. தட்டு, டம்ளர், சோறு, பாத்ரூம், கட்டிப்பிடிப்பது, ஒரே படுக்கை, இருமல், கொசு, இவை எதிலும் இது பரவாது. தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்தால் வீட்டில் பயம்தான் கூடும்.

ரத்தம் படுகிற பொருள்தான் கவனம். ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி. நம் வீடுகளில் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கும், குடும்பம் மொத்தமும் அதில்தான் வெட்டும். நாளைக்கே தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர். தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பேப்பரால் ஒற்றி எடுத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். காய்ந்த ரத்தத்திலும் வைரஸ் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் இந்த அக்கறை.

கணவன் மனைவிக்குள் உடலுறவு வழியாகப் பரவுவது அரிது. ரிப்போர்ட் வரும்வரை ஆணுறை போட்டுக்கொண்டால் மனது நிம்மதியாக இருக்கும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். மனைவிக்கு இன்றைக்கே டெஸ்ட் என்று ஓட வேண்டாம். உங்கள் பிசிஆர் பாசிட்டிவ் என்றால் அவருக்கு ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் போதும், அடுத்த செக்கப்பில் கொடுக்கும் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். தாய்க்கே தொற்று இருந்தால்கூடக் குழந்தைக்குப் போவது 100-இல் ஏறக்குறைய 6 பேருக்குத்தான்.

அவரிடம் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. மூன்று மணிக்கு எழுந்து உட்காரும் ஆளைப் பார்த்து அவர் வேறென்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருப்பார். 'ரத்தம் கொடுத்த இடத்தில் ஒரு டெஸ்ட்டில் சந்தேகம் வந்திருக்கு, உறுதி செய்யுற டெஸ்ட் அடுத்த வாரம் வருது, இருந்தாலும் மாத்திரையில் சரியாகும்'. இவ்வளவு போதும். அம்மாவுக்கு ரிப்போர்ட் வந்தபிறகு சொல்லலாம்.

கீழாநெல்லி விஷயத்தில் கறாராக இருங்கள். மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கலாம், ஹெபடைடிஸ் சி வைரஸை அது போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர் தெரியாத சூரணம், ஈரல் டானிக் எதுவும் இப்போது வேண்டாம். அவற்றால் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) ஏறிவிட்டால் எது எதனால் என்று டாக்டருக்கே குழப்பம்.

கொங்கு_ராகம்:

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே மனைவியிடம் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று: ஒருவேளை வைரஸ் இருக்கிறது என்றே வந்துவிட்டால் அடுத்து என்ன? அது தெரிந்தால் இந்தப் பயத்துக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

கல்லீரல்_ஓபி:

நல்ல கேள்வி சார். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல், ஈரல் பிரிவு ஓபியில் இந்தத் திட்டத்தின் சிகிச்சை மையம் எது என்று கேளுங்கள். ஆதார் நகல், எலைசா, பிசிஆர் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

முதலில் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எல்எஃப்டி (ஈரல் செயல்பாட்டு டெஸ்ட்), பிளேட்லெட், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), வயிற்று ஸ்கேன். பிறகு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு: வயதை எஸ்ஜிஓடியால் (எஸ்ஜிபிடி மாதிரியே எல்எஃப்டியில் வரும் எண்) பெருக்கி, பிளேட்லெட்டை (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 34 வயது, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 50, பிளேட்லெட் இரண்டரை லட்சம் என்றால் 0.77 வரும். 1.45-க்குக் கீழே என்றால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 3.25-க்கு மேல் என்றால்தான் சிரோசிஸை, அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிப்போவதை, நினைக்க வேண்டும். சிரோசிஸ் வரைக்கும் போகப் பொதுவாக இருபது, முப்பது வருடம் பிடிக்கும், எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஒரு வாரக் காத்திருப்பால் ஈரலில் எதுவும் மாறிவிடாது.

சிரோசிஸ் இல்லையென்றால் சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்லாட்டாஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். 28 மாத்திரை டப்பா மூன்று, மொத்தம் 84 நாள். 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமாகிறது. கடைசி மாத்திரைக்குப் பின் 12 வாரம் கழித்து மறுபடி பிசிஆர்; அதில் வைரஸ் இல்லையென்றால் குணம் என்று எழுதிவிடுவோம். கோளாறு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: டப்பா தீர்ந்தபின் அடுத்ததை வாங்க வராமல் விடுவது, வேறு மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இவை இதோடு ஒத்துவராது. ஹெபடைடிஸ் பி நெகட்டிவ் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. அது உள்ளே இருந்தால் சி போகும்போது பி தலைதூக்கும்.

கண் மஞ்சள், கோலா நிறச் சிறுநீர், ரத்த வாந்தி, கறுத்த மலம், வயிறு வீங்குவது, புத்தி தடுமாறுவது இவற்றில் ஒன்று வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஊதாமூடி:

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'டார்கெட் நாட் டிடெக்டெட்' என்றால் ரத்தத்தில் வைரஸ் இல்லை. கடந்த ஆறு மாதத்துக்குள் அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி குத்தியது மாதிரி ஏதாவது நடந்திருந்தால் மட்டும் பின்னால் ஒரு தடவை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். 'டிடெக்டெட், 15-க்குக் கீழே' என்பது வேறு: வைரஸ் தென்பட்டது, எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று பொருள். இதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், திரும்பப் பார்க்க வேண்டும். (15 என்பது ஒரு மில்லி பிளாஸ்மாவில் இத்தனை யூனிட் என்ற கணக்கு, மெஷினுக்கு மெஷின் மாறும்.) எண் வந்தால் அது லட்சத்தில் இருக்கலாம், கோடியைக்கூடத் தொடலாம். பெரிய எண் என்றால் பெரிய நோய் என்று இல்லை, வைரல் லோடுக்கும் (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) ஈரல் கெட்ட அளவுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பக்கத்தில் 'லாக் 5.6' என்று சின்ன எண் இருக்கும். அதுவும் அதே அளவுதான், சுருக்கி எழுதியது.

நெகட்டிவ் வந்தாலும் இனி ரத்த தானம் செய்ய முடியாது தம்பி. ஒருமுறை ரியாக்டிவ் என்று பதிவானவரை நிரந்தரமாக விலக்கிவிடுவது இங்குள்ள விதி. கொடுக்கும் மனசு உள்ளவர்களுக்கு இது வருத்தம்தான். முகாமில் யாராவது வற்புறுத்தினால் காரணம் சொல்லத் தேவையில்லை, டாக்டர் வேண்டாம் என்றார் என்றால் போதும்.

கவரைப் பிரித்ததும் முதலில் பெயர், வயது, லேப் எண், ரத்தம் எடுத்த தேதி நான்கையும் ரசீதோடு ஒத்துப் பாருங்கள். அதன்பிறகு முடிவைப் படியுங்கள்.