எஸ்கேப்மென்ட்டுக்குத் தமிழ்ச்சொல்: விட்டுப்பிடியா, விடுபிடியா?

புதுச்சேரியிலிருந்து:

வணக்கம்.

சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்காகத் தமிழில் எழுதிவரும் குறிப்பு ‘எஸ்கேப்மென்ட்’ வந்த இடத்தில் நின்றுவிட்டது. மற்றவற்றில் சிக்கல் இல்லை. மெயின் ஸ்பிரிங் (ஓடும் விசையைத் தரும் சுருள்), பேலன்ஸ் (இருபுறமும் மாறிமாறித் திரும்பும் சக்கரம்), ஹேர்ஸ்பிரிங் (அதைத் திருப்பிக் கொண்டுவரும் மெல்லிய சுருள்), டயல், முள், சாவி என்று கடைகளில் வழங்குவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ரூபியைக் ‘கல்லு’ என்கிறார்கள், எச்.எம்.டி. ஜனதா என்றால் 17 கல்லு. இவற்றை மாற்றி எழுதி யாருக்கும் பயனில்லை. எஸ்கேப்மென்ட் அப்படியல்ல. அது ஓர் உறுப்பின் பெயர் இல்லை. ஸ்பிரிங்கின் விசையால் சுழலும் எஸ்கேப் சக்கரம், அதை நிறுத்தி நிறுத்தி விடும் இரு கல் பதித்த பேலட் என்ற நெம்பு, பேலன்ஸின் அச்சிலுள்ள அடிவட்டு மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையின் பெயர்.

‘தப்பிப்பு’ வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைப் படிக்கிறவர் ஸ்பிரிங்கின் விசை எங்கோ வீணாகக் கசிகிறது என்று நினைத்துக்கொள்வார். நடப்பதோ இது: எஸ்கேப் சக்கரத்தின் பல் ஒன்று பேலட்டின் ஒரு கல்லில் முட்டி நிற்கிறது. பேலன்ஸ் திரும்பி வரும்போது அதன் அடிவட்டிலுள்ள கல் பேலட்டின் பிளவுக்குள் நுழைந்து அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. நின்ற பல் விடுபடுகிறது. போகிற போக்கில் கல்லின் சாய்வான முகத்தில் வழுக்கி, பேலட் வழியாகப் பேலன்ஸுக்கு ஓர் உதை தருகிறது. உடனே எதிர்ப்பக்கத்துக் கல் இன்னொரு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு துடிப்புக்கு அரைப்பல் தூரம். சக்கரத்துக்கு 15 பல் என்றால் 30 துடிப்புக்கு ஒரு சுற்று. மணிக்கு 18,000 துடிப்பு ஓடும் கடிகாரத்தில் நொடிக்கு ஐந்து துடிப்பு, ஆறு நொடிக்கு ஒரு சுற்று.

விட்டு விட்டுப் பிடிக்கிறது. ஆகவே ‘விட்டுப்பிடி’ என்று வைக்கலாமா? ‘கொஞ்சம் விட்டுப் பிடி’ என்று நாம் தினமும் சொல்கிற சொல்தான். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கடலூரிலிருந்து:

வணக்கம் ஐயா. ‘தப்பிப்பு’ வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் விட்டுப்பிடியில் பாதி வேலைதான் இருக்கிறது. உந்தல் எங்கே போயிற்று? பல்லை விட்டு, பிடிப்பதோடு நின்றால் பேலன்ஸ் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். கடிகாரம் ஓடுவதே அந்த உதையால்தான்.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. டைம்கிராஃபரில் (கடிகாரத்தின் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துக் கேட்டால் ஒவ்வொரு ‘டிக்’குக்கு உள்ளேயும் மூன்று ஒலி இருக்கும். அடிவட்டுக் கல் பேலட்டில் மோதிப் பல்லை விடுவிக்கும் ஒலி முதலாவது. பல் சாய்முகத்தில் வழுக்கி உந்தும் ஒலி இரண்டாவது. எதிர்க்கல்லில் அடுத்த பல் விழுந்து, பேலட் ஓரத்தடுப்பில் முட்டும் ஒலி மூன்றாவது. கருவியே மூன்று கேட்கும்போது நம் சொல்லில் இரண்டுதான் இருக்கிறது.

கற்கிறவர்கள் கோட்டைவிடுவதும் உந்தலில்தான். முழுச் சாவி கொடுத்து டயலை மேல்நோக்கி வைத்தால் வீச்சு, அதாவது பேலன்ஸ் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் திரும்பும் கோணம், 270 முதல் 310 பாகைக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழுவி மாட்டிய பிறகும் 200-ஐத் தாண்டவில்லை என்றால் உடனே மெயின் ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் கல்லின் உந்துமுகம் காய்ந்து கிடக்கும். அல்லது பேலட் அச்சின் நுனிகளான சுழல்முனைகளில் எண்ணெய் வைத்துத் தொலைத்திருப்பார்கள். அங்கே எண்ணெய் பிசுபிசுத்துப் பேலட்டை மந்தமாக்கும். பேலட் முனைக்கு எண்ணெய் கூடாது. அடிவட்டுக் கல்லுக்கும் பேலட் பிளவுக்கும் கூடாது. ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தலைதெறிக்க ஓடும். உந்துமுகத்துக்கு மட்டும் மோபியஸ் 9415 போன்ற குழைவான மசகு வேண்டும்: பல் வெளியேறும் பக்கத்துக் கல்லின் உந்துமுகத்தில் ஒரு பொட்டு, பேலட்டை ஆட்டி ஐந்து பல் நகர்த்தி இன்னொன்று, மேலும் ஐந்து பல் நகர்த்தி இன்னொன்று. சுற்று முழுக்கப் பரவிவிடும்.

என் மாற்று: ‘தடையுந்தி’. தடுக்கிறது, உந்துகிறது.

வில்லியனூரிலிருந்து:

இருவருக்கும் வணக்கம். கடலூர் ஐயா சொன்ன மூன்று ஒலி முழு உண்மை. ஆனால் அதே டைம்கிராஃபர் வீச்சைக் கணக்கிட எந்த ஒலிகளை எடுத்துக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும்தான். நடுவில் வரும் உந்தல் ஒலி ஒழுங்கற்றது, மெலிந்தது. கருவி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விட்ட கணத்துக்கும் பிடித்த கணத்துக்கும் இடையிலான நேரம், பேலன்ஸ் அந்த நேரத்தில் கடக்கும் தூக்குக் கோணம் இரண்டையும் வைத்து வீச்சைக் காட்டுகிறது. அதனால்தான் தூக்குக் கோணத்தைத் தவறாகக் கொடுத்தால் வீச்சும் தவறாக வரும். கருவி பொதுவாக 52 பாகையில் நிற்கும். கடிகார இயந்திர வகைக்கு வகை இது மாறும்: சீகோ 7எஸ்26-க்கு 53, எடா 2824-க்கு 50, பெரிய வித்தியாசமில்லை. எடா 6497-க்கு 44. அதை 52-லேயே விட்டு அளந்தால் உள்ளதைவிட அதிக வீச்சைக் காட்டி ஏமாற்றிவிடும். கற்கிறவர்கள் பெரும்பாலும் 6497-இலோ அதன் சீன நகலிலோதான் கைவைப்பார்கள் என்பதால் இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

ஆகவே விடுதலும் பிடித்தலும் பெயரில் இருப்பது குறையில்லை. வேலையின் இரு எல்லைகளும் அவைதான். உந்தல் இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. அதை உறுப்புப் பெயரில் வைத்துக்கொள்ளலாம். ‘உந்துமுகம்’ என்று ஐயாவே எழுதிவிட்டார். பல் முட்டி நிற்கும் முகம் ‘பிடிமுகம்’.

‘தடையுந்தி’யில் எனக்கு ஒரு தயக்கம். கடிகார வேலையில் தடை என்றால் பழுது. சக்கரப் பல்லிடையில் தூசி, காய்ந்த எண்ணெய், வளைந்த சுழல்முனை, எல்லாவற்றுக்கும் ‘எங்கேயோ தடுக்குது’ என்றுதான் சொல்வோம். நன்றாக ஓடும்போது நடப்பதற்கும் அதே சொல்லை வைத்தால் குழம்பிப்போகும்.

‘விட்டுப்பிடி’யிலும் ஒரு சங்கடம்: கூட்டுச்சொல்லாக நீளும்போது நாக்கு இடறுகிறது. விட்டுப்பிடிச் சக்கரத்தின் பல் என்று நான்கு முறை சொல்லிப் பாருங்கள். ‘எடுபிடி’ மாதிரி இரண்டு வினையடியையும் நேராக ஒட்டி ‘விடுபிடி’ என்றால் என்ன? விடுபிடிச் சக்கரம், விடுபிடிப் பல். வகைகளுக்கும் பொருந்துகிறது. இன்றைய கைக்கடிகாரங்களில் உள்ளது ‘கவை விடுபிடி’. தாமஸ் மட்ஜ் 1750-களில் உருவாக்கியதன் வழிவந்தது. கல்லுக்குப் பதில் எஃகு ஊசி வைத்த மலிவு வகை, ‘ஊசிக்கவை விடுபிடி’. ஜார்ஜ் டேனியல்ஸ் வடிவமைத்து, 1999-இல் ஒமேகா கடிகாரங்களில் வந்த கோ-ஆக்சியல் வகை ‘ஓரச்சு விடுபிடி’. பழைய சட்டைப்பைக் கடிகாரங்களின் சிலிண்டர் வகையில் பேலட்டே கிடையாது. அங்கேயும் பல்லை விடுவதும் பிடிப்பதும் உண்டு. பொதுப்பெயரில் பேலட்டை நுழைக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

பேலட்டுக்குக் ‘கவை’ என்று எழுதியிருக்கிறேன். பிரெஞ்சில் அதற்கு நங்கூரம் என்று பொருள்படும் ‘ஆங்க்ர்’ என்பது பெயர். சுவிஸ் தாள்களைப் படிக்கும் புதுச்சேரிக்காரர்கள் நங்கூரம் என்றே வைக்கலாமே என்று கேட்கக்கூடும். உருவம் நங்கூரம்தான். ஆனால் வால்முனையில் இரண்டாகப் பிளந்து அடிவட்டுக் கல்லை ஏந்துவதுதான் அதன் உயிர். கவை என்றால் பிளவு; பார்த்ததும் புரியும்.

கடலூரிலிருந்து:

தம்பி சொன்ன முதல்-மூன்றாம் ஒலிக் கணக்கு என் வாதத்தைத் திருப்பிப்போட்டுவிட்டது. தடையுந்தியை விட்டுவிடுகிறேன். ஒரு சொல் நிற்குமா என்பது மேசையில் தெரியும். விடுபிடியைப் பூட்டும் படிகளை அந்தச் சொற்களாலேயே எழுதிப் பார்த்தேன்:

“கவையைக் கழற்றுமுன் ஸ்பிரிங்கைத் தளர்த்து. சாவித் தலையை இரு விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் பூட்டுநாவைப் பின்னுக்குத் தள்ளி, சாவியை விரலுக்குள் மெதுவாகச் சுழலவிடு. இதைச் செய்யாமல் கவையை எடுத்தால் விடுபிடிச் சக்கரத்தைப் பிடிக்க ஆளில்லை. சக்கர வரிசை வெறிபிடித்துச் சுழன்று சுழல்முனை ஒடியும்.

கவையையும் பேலன்ஸையும் ஸ்பிரிட்டில் ஊறப்போடாதே. கவையின் இரு கல்லையும் அடிவட்டுக் கல்லையும் பிடித்திருப்பது அரக்கு. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். கல் ஆடும், அல்லது கழன்று விழும். நாஃப்தா போதும்.

மாட்டும்போது முதலில் கவை இல்லாமல் சக்கர வரிசையை மட்டும் வைத்து, சாவியை இரண்டு மூன்று சொடுக்குத் திருகு. எல்லாம் தடையின்றிச் சுழன்று, நிற்கும்போது விடுபிடிச் சக்கரம் சற்றுப் பின்னோக்கித் திரும்பினால் வரிசை சுத்தம்.

மீதி விசையையும் தளர்த்திவிட்டுக் கவையை வை. பாலத்தைப் போட்டுத் திருகை இறுக்குமுன் இரு முனையும் கல்லுக்குள் உட்கார்ந்ததா என்று கவையை லேசாக ஆட்டிப் பார். உட்காராமல் இறுக்கினால் முனை போய்விடும். இறுக்கிய பின் மறுபடி இரண்டு சொடுக்கு. மரக்குச்சியால் கவையின் வாலை மெல்ல நகர்த்து. பாதி வழியில் அது குச்சியிலிருந்து கழன்று, தானாகவே எதிர்ப்பக்கத் தடுப்பில் ‘டக்’கென்று போய் ஒட்ட வேண்டும். திரும்ப நகர்த்தினால் இந்தப் பக்கமும் அப்படியே. ஒரு பக்கம் சோம்பலாகப் போனால் பேலன்ஸைக் கையிலெடுக்காதே; அழுக்கா, கல் நகர்ந்திருக்கிறதா என்று அங்கேயே பார்.”

படித்தால் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கவை தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பிடிமுகத்தின் சாய்வு. ஏறக்குறைய 12 பாகை. பல்லின் அழுத்தமே கல்லை உள்ளே இழுத்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் சிறு அதிர்ச்சிக்கும் கவை தடுப்பை விட்டு நகர்ந்து, அதன் பிளவை ஒட்டி நிற்கும் காவலூசி அடிவட்டில் உரசி வீச்சைத் தின்றுவிடும். இதற்கு ‘உள்ளிழுப்பு’ சரியா? ஒரு பல் விடுபட்டு அடுத்தது கல்லில் விழும்வரை சக்கரம் வெறுமனே ஓடும் சிறு தூரத்துக்குப் ‘பாய்ச்சல்’ என்று நினைக்கிறேன். ‘வீழ்ச்சி’ என்றால் வீச்சு குறைவதோடு குழம்பும்.

புதுச்சேரியிலிருந்து:

விடுபிடி, கவை, பிடிமுகம், உந்துமுகம், உள்ளிழுப்பு, பாய்ச்சல் ஆறையும் குறிப்பில் ஏற்றிவிட்டேன். இரண்டு கற்களுக்கும் ‘நுழைகல்’, ‘வெளிகல்’ என்று சேர்த்திருக்கிறேன். பல் எந்தக் கல்லின் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதை வைத்து. மசகு வைக்கும் இடத்தை ‘வெளிகல்லின் உந்துமுகம்’ என்று இரண்டே சொல்லில் சொல்ல முடிகிறது.

டைம்கிராஃபரில் மில்லி நொடியில் வரும் மூன்றாவது எண்ணுக்கு, ‘டிக்’கும் ‘டாக்’கும் சமமாக இல்லாத அளவுக்கு, ‘தாளப்பிசகு’ என்று எழுதியிருந்தேன். யாரும் மறுக்காவிட்டால் அதுவே இருக்கட்டும். 0.6-க்குள் இருந்தால் தொட வேண்டாம். அதிகமானால் ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் கையை மயிரிழை நகர்த்த வேண்டும். அந்தக் கை நகராத பழைய கடிகாரங்களில் பேலன்ஸை வெளியே எடுத்து, ஹேர்ஸ்பிரிங்கின் நடுவளையத்தைத் திருப்ப வேண்டும். கற்கத் தொடங்கியவருக்கு அது உகந்ததல்ல.

வில்லியனூரிலிருந்து:

தாளப்பிசகுக்கு என் முழுச் சம்மதம். நம் ஊருக்கென்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள், ஐயா. கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. கவையையும் விடுபிடிச் சக்கரத்தையும் வெறும் விரலால் தொட்டால் வியர்வை ரேகை துருவாக எழும். விரலுறை போட்டுக்கொண்டு 5-ஆம் எண் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வேலை பாதியில் நின்றால் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரிரவு திறந்து கிடந்தாலே போதும், எஃகு மங்கிவிடும். மின்விசிறிக்கு அடியில் கவைப் பாலத்தைத் திறக்கவே கூடாது.

பேலன்ஸ் அடிவட்டுக்கு இன்னும் சொல் வைக்கவில்லை. அதில் இரண்டு தட்டு: கல்லைத் தாங்கும் பெரியது, காவலூசிக்கு வழிவிடும் பிறை வெட்டிய சிறியது. ‘உந்துவட்டு’, ‘காவல்வட்டு’ என்று போட்டுப் பார்க்கிறேன். கடலூர் ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.