களப்பு இறால் முள் குத்திய புண்: மருந்து ஏன் கேட்கவில்லை?

கல்லடித் தங்கச்சி:
அண்ணாவுக்கு இறால் முள் விரலில் குத்தி இரண்டு மாதம். அமொக்சிசிலின் ஒரு கிழமை போட்டும் கட்டி மணிக்கட்டுப் பக்கம் ஏறுகிறது. மைக்கோபக்டீரியம் மரினம் என்ற, காசநோய்க் கிருமிக்கு உறவான நீர்க்கிருமியாக இருக்கலாம் என்கிறார்கள். களப்புக் கிருமிக்கும் மருந்து பழகிவிட்டதா?

ஆய்வுகூட அக்கா:
பழகவில்லை தங்கச்சி, பிறவிக்குணம். சுற்றிவர மெழுகுச் சுவர். அமொக்சிசிலினை உடைக்கும் நொதியும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் பிரசினமைட்டும் இதற்குக் கேட்காது. ஒன்று முக்கியம்: இது 30 பாகை செல்சியஸ் சூட்டில்தான் நன்றாக வளரும். ஆய்வுகூடத்தில் புண் மாதிரியை 37இல் மட்டும் வைத்து வளர்த்தால் கிருமி தெரியாமல் தவறிவிடலாம். அதனால் மீன், இறால் வேலை என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கல்லடித் தங்கச்சி:
ஐயோ, முதல் முறை அதை யாரும் கேட்கவேயில்லை அக்கா.

வாழைச்சேனை:
எங்கள் வாப்பாவுக்கும் மீன் முள்ளால் இதுதான். கிளாரித்ரோமைசினும் எதம்பியூட்டோலும் நாலு மாதம். கட்டி வற்றிய பிறகும் நிறுத்த விடவில்லை. இடையில் விட்டால்தான் உண்மையாகவே பழகும், அண்ணாவிடம் சொல்லுங்கள்.