மதில் இல்லாத சிறை: ராபர்ட் நொக்ஸ் கண்டியிலிருந்து தப்பிய வழி

மூதூரான்:
கொட்டியாரக் குடாவில் 1660 ஏப்ரலில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1679 வரை கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதி. விலங்கு கிடையாது, சிறைக்கூடமும் கிடையாது. வீடு கட்டினார், வியாபாரமும் செய்தார். பிறகு ஏன் 19 வருஷம் தப்ப முடியவில்லை? ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில் இருந்த கொழும்பு கிட்டத்தில் இருக்க, அதை விட்டு வடக்கே போனது ஏன்?

ஏட்டுக்கட்டு:
நாடே சிறை, அதுதான் காரணம். நொக்ஸோடு சேர்த்துப் பிடிபட்ட 16 பேரையும் ஊர் ஊராகப் பிரித்துவிட்டார்கள். சோறு போடுவது அந்தந்த ஊரார் பொறுப்பு. அந்நியன் முகம் எங்கே போனாலும் தெரியும்.

மலைப்பாதைகளில் முள்ளால் செய்த கடவைகள், அங்கே காவலாளிகள். கடந்து போக, களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய உருவம். கூலியாளுக்குக் காவடித்தண்டின் இரு முனையிலும் பை தொங்கும் உருவம். வெள்ளைக்காரனுக்கு வாளும் தொப்பியுமாக ஓர் உருவம். குழுவில் எத்தனை பேரோ அத்தனை பதிவு இருக்க வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலாளிகூட ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். இதைவிடக் கெட்டியான பூட்டு எனக்குத் தெரியவில்லை.

வன்னிக்காடு:
மேற்கே குடியிருப்பும் காவலும் அடர்த்தி. வடக்கே ஆள் குறைவு, காடு அதிகம். நொக்ஸும் சக கைதி ஸ்டீபன் ரட்லண்டும் அந்தப் பக்கம் போய்வரச் சாக்காக வைத்துக்கொண்டது வியாபாரம். 3 பென்ஸ் நூலில் குல்லாய் பின்னினால் 9 பென்ஸுக்குப் போகும். அதில் சேர்த்த பணத்தில் மிளகு, பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான் என்று வாங்கிச் சுமந்து விற்றார்கள். ஊர்க்காரருக்கு அவர்கள் முகம் பழகியது. முந்திய முயற்சிகள் கெட்டதற்குக் காரணம் வறட்சி: வடக்கே மூன்று நாலு வருஷம் மழையே இல்லை, காட்டில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது.

1679 செப்டம்பர் 22-ல் கிளம்பி, மான் வற்றல் வாங்குவதாகச் சொல்லி அனுராதபுரம் வரை போனார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் பெருவழியில் காவல். அதனால் திரும்பி வருவதுபோல வந்து, அக்டோபர் 12-ல் மல்வத்து ஓயாவில் இறங்கினார்கள். நம் பக்கம் அருவி ஆறு என்று சொல்வது அதைத்தான்.

மூதூரான்:
கையில் என்ன கொண்டுபோனார்கள்?

வன்னிக்காடு:
பத்து நாளைக்கு அரிசி, இறைச்சி, மீன், உப்பு, மிளகு. சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை. மழைக்குக் கூடாரமாக இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. ஒன்று கெட்டாலும் உதவ இரண்டு மூன்று தீமூட்டிப் பெட்டி. முள் தைக்காமல் செருப்புத் தைத்துக்கொள்ள ஒரு மான்தோல். ஆளுக்கொரு கத்தி, நீளத் தடியில் கட்டிய சின்னக் கோடரி. சிறுத்தைக்கும் கரடிக்கும் அது போதும். யானை வந்தால் ஓடுவதுதான் வழி.

கரையில் முட்புதர் விடாது. சில இடத்தில் மணலில், சில இடத்தில் தண்ணீரிலேயே நடந்தார்கள், ஆறு முழுக்க முதலை. ஆறு வன்னித் தமிழர் நிலத்தின் ஊடாகவும் போகிறது. அவர்கள் பிடித்துக் கண்டிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அக்டோபர் 18-ல் மன்னார் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

ஏட்டுக்கட்டு:
காலத்தையும் கவனியுங்கள். இன்னும் சில வாரம் பிந்தியிருந்தால் வடகீழ்ப் பருவமழை இறங்கியிருக்கும். வெள்ளம் வந்த ஆற்றில் அந்த மணல்வழி இருக்காது.