இன்ஜினில் டிக் டிக் சத்தம்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

உசிலை டீசல்:
தேனியில் விசேஷம் முடித்து இரவு ஒன்பதரைக்குக் கிளம்பினோம். 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் வண்டி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஐடிலிலேயே, அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போதே, டிக் டிக் என்று கேட்டது. டீசல் வண்டிதானே என்று விட்டுவிட்டேன். ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஒரு வளைவு திரும்பும்போது வீட்டுக்காரி கேட்டாள், "என்னங்க, கெண்டி மாதிரி ஒண்ணு சிவப்பா எரிஞ்சு அணையுதே?" நேர் ரோட்டுக்கு வந்ததும் விளக்கு இல்லை. அடுத்த வளைவில் மறுபடியும் எரிந்தது. "வயர் லூஸா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

செக்கானூரணிக்கு முன்னால் டிக் டிக் கட கட ஆகிவிட்டது. ஓரங்கட்டி, ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. ஒரு வாரம் முன்புதான் ஆயில் மாற்றியிருந்தேன். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. வளைவில் மிச்ச ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுத்திருக்கிறது, அதுதான் அந்த விளக்கு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், ராக்கர், டேப்பெட் எல்லாம் மாற்ற 41,000 ரூபாய் ஆனது. பணத்தைவிட, அவள் கேட்டதும் நான் சொன்ன பதில்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நாகமலை:
எனக்கு நேர் எதிர். பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக், விராட்டிபத்து தாண்டுவதற்குள் காணாமல் போய்விடும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது இன்ஜின் சூடாக இருக்கும், சத்தமே வராது. இரண்டு இடத்தில் டேப்பெட் என்றார்கள். ஒரு இடத்தில் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்து காசும் வாங்கினார்கள். மறுநாள் காலை அதே சத்தம்.

மூன்றாவது மெக்கானிக் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, "ராத்திரி இங்கயே நிக்கட்டும் சார், காலைல அஞ்சரைக்கு வாங்க" என்றார். போனேன். சாமி படத்தில் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்தினார். நேராக எழும்பிய புகை மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் துடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துடிப்பு. மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் ஓட்டை விழுந்து புகையை ஊதியிருக்கிறது. சூடேறினால் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும், அதனால்தான் சத்தம் நின்றிருக்கிறது. அந்தப் புகை துடித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மேலூர் ரோடு:
நாகமலை நண்பரே, பெட்ரோல் வண்டியின் பானெட்டுக்குள் நெருப்புக் கங்கா? ஃப்யூயல் பைப்பில் ஒரு சின்னக் கசிவு இருந்தால் போதும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஸ்டார்ட் செய்தாலே கசியும் இடத்தில் குமிழ் விடும். பேக்கிங் ஓரத்தில் கரி படிந்த கோடும் தெரியும்.

என் கதை சின்னது. அப்பா ஜங்ஷனில் அம்பாசடர் டாக்சி ஓட்டினார். மாதம் ஒரு தடவை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து 15 தவ் தகட்டை எடுக்கச் சொல்வார் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டேப்பெட் இடைவெளியில் அது கொஞ்சம் இழுவையோடு போனால்தான் சரி, லூசாகப் போனால் டேப்பெட் அடிக்கும். அந்த இழுவை இன்னும் விரலில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். முதலில் ஸ்டிக்கைப் பாருங்கள். உசிலை அண்ணன் விஷயத்தில் எல்லோரும் மறப்பது இதுதான்: அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. அது எரிந்தால் பேரிங்குக்குப் போகும் ஆயில் ஏற்கெனவே குறைந்துவிட்டது, அந்த நிமிடமே இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்து, சத்தத்தின் வேகம். கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலில் 800 சுற்று என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவைதான் தட்டும். மேலே மெல்லிசாக டிக் டிக் என்றால் டேப்பெட்டோ, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ. கீழே சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) பக்கமிருந்து டொக் டொக் என்று கனமாக வந்து, ஏற்றத்தில் லோடு விழும்போது கூடினால் கனெக்டிங் ராடு பேரிங். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் சத்தம் எந்த சிலிண்டரில் என்றே தெரியும். ஃபேன், பெல்ட் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று: பழைய டீசல் இன்ஜினில், டீசல் போகும் நாசில் பைப்பின் நட்டை லூஸ் செய்து, சத்தம் எந்த சிலிண்டரில் என்று கண்டுபிடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே பிரஷர் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், கையையே எடுக்க வேண்டி வரலாம்.

நாகமலை:
பத்தி வைத்தது மெக்கானிக், நான் இல்லை. முப்பது வருடமாக அந்த வேலையில் இருப்பவர். ஃப்யூயல் பைப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். ஆனாலும் நீங்கள் சொல்வது சரி, வீட்டில் செய்ய வேண்டாம்.

ரிங்ரோடு:
எனக்கு நடந்தது இன்ஜினே இல்லை. அழகர்கோவிலில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி நான்தான். ரிங் ரோட்டில் டிக் டிக் ஆரம்பித்து வேகம் கூடக் கூடக் கூடியது. இன்ஜின் சீஸ் ஆகிவிடும் என்று பயந்து, மாட்டுத்தாவணியில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது என்று வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் முன் டயர் பட்டனில், அதாவது ரோட்டில் படும் பகுதியில், ஒரு ஸ்க்ரூ தலை. கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருட்டிப் பார்த்திருந்தால் போதும். இன்ஜின் சுற்று இறங்கிய பிறகும் அதே வேகத்தில் சத்தம் வந்தால் அது சக்கரம்தான். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வாடிப்பட்டி:
படித்ததும் பயம் வந்துவிட்டது. என் வண்டியில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி எடுத்தால் மட்டும் ஐந்து வினாடி டிக் டிக், அப்புறம் இல்லை. இதுவும் அதுதானா?

மேலூர் ரோடு:
ஆயில் பிரஷரால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டாக இருந்தால், நிற்கும்போது உள்ளே இருக்கும் ஆயில் இறங்கிவிடும். திரும்ப நிறைய சில வினாடி ஆகும். ஐந்து வினாடி என்றால் கவலை வேண்டாம். அதுவே நிமிடக்கணக்கில் நீண்டால் ஆயில் கிரேடையும் ஃபில்டரையும் பாருங்கள்.

உசிலை டீசல்:
தம்பி, அவர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை நாளாகிறது? வண்டி நிற்கிற இடத்தில் தரையைப் பார்த்தீர்களா?

வாடிப்பட்டி:
பத்து நாள் ஆகிறது அண்ணே. மண் தரை, தெரியவில்லை. இன்று இரவு சம்புக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைக்கிறேன். காலையில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.