டெலிபிராம்ப்டரைப் பார்த்து வாசித்தாலும் இயல்பாகப் பேசுவது எப்படி?

ஒத்தக்கடை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஒத்தக்கடைக்கு அருகில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். திருமலை நாயக்கர் மகாலைப் பற்றிய காணொளிப் பாடம் ஒன்றைப் பதிவு செய்வதற்காக, கேமராவின் முன்னே கண்ணாடி பொருத்தும் டெலிபிராம்ப்டர் ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகத் தங்குதடையின்றிப் பேசிவரும் எனக்கு, கண்ணாடியில் எழுத்து நகரத் தொடங்கியதும் குரலே மாறிவிடுகிறது. கண்கள் இடமும் வலமும் அலைவதும் பதிவில் தெரிகிறது. பார்த்த என் மகள், "பாடம் நடத்தவில்லையம்மா, ஒப்பிக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டாள். என் பாடத்தின் முதல் வாக்கியம் இது: "மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நாயக்க மன்னர்களுள் புகழ்பெற்றவரும், மீனாட்சியம்மன் கோயிலின் எதிரே புது மண்டபத்தை எழுப்பியவருமான திருமலை நாயக்கரால் 1636ஆம் ஆண்டு கட்டப்பட்ட இவ்வரண்மனை, திராவிட, இசுலாமியக் கட்டடக் கலைகள் இரண்டும் கலந்ததாக விளங்குகிறது." எதை மாற்ற வேண்டும்?

சிம்மக்கல் ஒளிப்பதிவாளர்:
கண் அலைவதற்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், அம்மா. கேமராவுக்கு மிக அருகில் அமர்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரே அகலமுள்ள வரியை இரு மடங்கு தொலைவிலிருந்து படித்தால் கண் திரும்பும் கோணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே எட்டு அடியாவது தள்ளி அமருங்கள். முகம் சிறியதாகத் தெரிந்தால் லென்ஸின் ஜூமைக் கூட்டிக்கொள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்கி, இருபுறமும் தாராளமாக இடம் விட்டு, நடுவில் குறுகிய பத்தியாக ஓடவிடுங்கள். படிக்கும் வரி லென்ஸின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். அது கீழே இறங்கினால், மாணவருக்கு நீங்கள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவது போலத் தோன்றும்.

முன்னாள் செய்தி வாசிப்பாளர்:
மேலே சொன்னவை சரியானவை. ஆனால் குரல் தட்டையாவதற்குக் காரணம் கண்ணன்று, வாக்கியம்தான் என்பது, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் வாசித்தவன் என்ற முறையில் என் கருத்து. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பிராம்ப்டரிலோ ஒரு நேரத்தில் நான்கைந்து வரிகளே தெரிகின்றன. உங்கள் வாக்கியத்தில் "மதுரையைத் தலைநகராகக் கொண்டு" என்று வாய் சொல்லும்போது, "விளங்குகிறது" என்ற சொல் திரைக்குக் கீழே இன்னும் வந்து சேரவில்லை. முடிவு கண்ணுக்குத் தெரியாத வாக்கியத்தில் எங்கே அழுத்துவது, எங்கே இறக்குவது என்று குரலுக்கு எப்படித் தெரியும்? அச்சிட்ட தாளில் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் கண் முன்கூட்டியே ஓடிப் பார்த்துவிடுகிறது.

அதனால் அதை உடைத்து எழுதுங்கள்: "இந்த அரண்மனையைக் கட்டியவர் திருமலை நாயக்கர். ஆண்டு, ஆயிரத்து அறுநூற்று முப்பத்தாறு. கோயிலுக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறதே, அதைக் கட்டியவரும் இவர்தான்." ஆண்டை எழுத்தால் எழுதியதைக் கவனியுங்கள், இலக்கத்தைக் கண்டால் வாய் ஒரு நொடி தயங்கும். வரியை அகலம் நிரம்பும் இடத்தில் முறிக்காமல், மூச்சு விடும் இடத்தில் முறியுங்கள். "கட்டினாரு, இருக்குல்ல" என்று பேச்சு வழக்கிலேயே எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் முயன்று கைவிட்டேன். அப்படி எழுதியதைப் படித்துப் பழகாத கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுகிறது. எளிய எழுத்துத் தமிழில் எழுதிவிட்டால், வாய் தானாகவே அதைத் தளர்த்திக்கொள்ளும்.

திருநகர் பட்டிமன்றப் பேச்சாளர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. இருபது ஆண்டுகள் நடத்திய பாடத்தை ஆசிரியை எதற்காக முழுமையாக எழுதி வைத்துப் படிக்க வேண்டும்? பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் திரையில் வைத்துக்கொண்டு, மற்றதை வகுப்பில் சொல்வது போலவே சொல்லலாம்.

முன்னாள் செய்தி வாசிப்பாளர்:
ஐயா, மேடையில் அது செல்லும். இங்கே பதிவின் நீளம் வரையறுக்கப்பட்டிருந்தால், குறிப்பை நம்பிப் பேசுகிறவர் அதைத் தாண்டிவிடுவார். இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். செயலியின் தானியங்கி வேகத்தை நம்ப வேண்டாம். இக்கருவி 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, பெரிய எழுத்தில் அடித்த காகிதச் சுருளைப் பேசுபவரின் வேகம் பார்த்து ஓர் ஆள் நகர்த்தினார். உங்கள் மகளிடம் ரிமோட்டைக் கொடுத்து, நீங்கள் நிறுத்தும் இடத்தில் எழுத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. நேற்று எட்டு அடி தள்ளி அமர்ந்து, வாக்கியங்களை உடைத்து எழுதிப் பதிவு செய்தேன். கண் அலைவது பெருமளவு குறைந்துவிட்டது. தூண்களைப் பற்றிய பகுதியில் மட்டும் திருநகர் ஐயா சொன்னபடி திரையில் "தூண், சுதை" என்ற இரண்டு சொற்களையே வைத்துப் பேசினேன்; முழுப் பதிவிலும் அதுவே நன்றாக வந்திருக்கிறது, ஆனால் மூன்று நிமிடத்துக்குத் திட்டமிட்டது ஏழு நிமிடமாகிவிட்டது. ரிமோட்டைப் பிடித்த மகள், நான் நிறுத்தியபோதெல்லாம் சிரித்துவிட்டதால் இரண்டு முறை மீண்டும் எடுக்க நேர்ந்தது.