மே தின விடுமுறையில் சோலார் கண்காட்சி: கடலூருக்குத் தேவையா?

மஞ்சக்குப்பம் வாசி:
மே தினம் வெள்ளிக்கிழமை வருவதால், அந்த மூன்று நாள் விடுமுறையில் சில்வர் பீச் அருகே சோலார் கண்காட்சி ஒன்றை நடத்த எங்கள் குடியிருப்போர் சங்கங்கள் எண்ணியுள்ளன. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள்; மாடியில் பேனல் போடுவதா என்பதைப் பல வீடுகளில் அவர்களைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம் உண்டு என்பது எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது.

முதுநகர்க்காரன்:
ஐயா, நான் இதை எதிர்க்கிறேன். இத்தகைய கண்காட்சிகள் கடைசியில் விற்பனைக் கடைகளாகவே முடிகின்றன. 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத மாடி ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள் அங்கு வந்து எதைப் பார்ப்பார்கள்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. சோலார் போட்டால் மின்தடைக் கவலை இல்லை என்று நம்பித்தான் என் அண்ணன் மாடியில் பேனல் பொருத்தினார். முதல் மின்தடையிலேயே, உச்சி வெயிலில், மின்விசிறி நின்றது. பேட்டரி இல்லாத இணைப்பு, லைனில் மின்சாரம் போனவுடன் தானாக நின்றுவிடும் என்பதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை:
லைனில் வேலை செய்யும் ஊழியர்மீது பேனலின் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு, அது அவசியமானது. அதை மறைத்து விற்பதுதான் தவறு. ஆகவே, கண்காட்சியில் ஒரு பேனலையும், அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரையும் ஓட விட்டு, மக்கள் கண்முன் லைனைத் துண்டித்து, விளக்கு அணைவதைக் காட்டுங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, அதற்கு ஆகும் கூடுதல் செலவையும் அங்கேயே எழுதி வையுங்கள். ஏற்கெனவே பேனல் போட்டவர்கள் தங்கள் மின்கட்டண ரசீதோடு வந்து உட்காரட்டும். கடற்காற்றில் துருப்பிடித்த இரும்புத் தாங்கியைக் கழற்றிக் கொண்டுவர எவரேனும் முன்வந்தால், எந்தத் துண்டறிக்கையையும்விட அது பயன்படும்.

நெய்வேலி நண்பர்:
பழுப்பு நிலக்கரி மின்சாரத்துக்காக நிலம் கொடுத்த கிராமத்தாரையும் மேடைக்கு அழையுங்கள். தூய ஆற்றலைப் பற்றி இந்த மாவட்டத்தில் அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது முறையல்ல.

மஞ்சக்குப்பம் வாசி:
அம்மா சொன்னதை ஏற்கிறோம்; விற்பனையாளர்களுக்குத் தனி வரிசை, அனுபவப்பட்டவர்களுக்கு முன்வரிசை. ஆனால், வெயில் தணிந்த மாதத்தில் வைக்கலாமே என்று எங்கள் சங்கத்திலேயே எழுந்த யோசனையை நான் ஏற்கவில்லை. பேனலில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, பேனலின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது கணக்கிட்டது. மே மாத மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வாங்குபவர் பார்க்க வேண்டிய மீட்டர் அந்த நண்பகல் மீட்டர்தான்.

முதுநகர்க்காரன்:
லைனைத் துண்டித்துக் காட்டுவீர்கள் என்றால் அண்ணனை நானே அழைத்து வருகிறேன். ஆனாலும் என் எதிர்ப்பு முழுவதும் நீங்கவில்லை, ஐயா. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, சிறிய தொகையே கட்டும் வாடகைக் குடும்பத்துக்கு அந்த மூன்று நாளில் நீங்கள் சொல்லப்போவது என்ன என்பதை முதலில் இங்கே எழுதுங்கள்.